கொல்லையில் கல் பொறுக்கும் மெஷின்: சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஊர் நிலத்தைக் கவனிக்கிறவர்களின் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனால் யாராவது ஒருவர் நிறுத்திவிடுவார். “அண்ணே, ஊர்ல கல்லு பொறுக்குற மெஷின் ஓட்டுனீங்களாமே?” என்று ஆரம்பிப்பார். கையில் முருங்கைக்காய்க் கட்டோடு நின்றுகொண்டே அரை மணி நேரம் பதில் சொல்வேன். அடுத்த வாரம் இன்னொருவர் அதே கேள்வியோடு வருவார். அதனால்தான் எழுதி வைத்துவிட்டேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சிங்கப்பூரில் 19 வருடமாகக் கல்லை நொறுக்கிச் சலிக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறேன். இடித்த கட்டடங்களின் கான்கிரீட்டை நொறுக்கி மறுபடி பயன்படுத்துவார்களே, அந்த வேலைக்கான மெஷின்கள். ஊரில், புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர்ப் பக்கம், அப்பா விட்டுச்சென்ற 3 ஏக்கர் புஞ்சை இருக்கிறது, கொல்லை என்று நான் சொல்வது அதைத்தான். தம்பி பார்த்துக்கொள்கிறான். பழைய கடலை பிடுங்கும் மெஷின் ஒன்றை வாங்கி, வெட்டி ஒட்டி, இரண்டு கோடையில் அந்தக் கொல்லையில் கல் எடுத்தோம். கீழே சொல்வது அந்த அனுபவமும் என் தொழிலில் தெரிந்ததும்.

கல்லைப் பொறுக்க மெஷினா? நிஜமாகவே இருக்கிறதா?

இருக்கிறது. புதிதும் இல்லை. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் டெகல்மன் என்ற கம்பெனி 1960களிலேயே டிராக்டரில் இழுக்கும் கல் பொறுக்கியைச் செய்ய ஆரம்பித்துவிட்டது. பின்லாந்தில் ‘கிவி பெக்கா’ என்று ஒன்று விற்கிறார்கள். அந்த ஊர் மொழியில் கிவி என்றால் கல், பெக்கா என்பது ஆள் பெயர். நம் ஊரில் ‘கல்லு முருகேசன்’ என்று பெயர் வைத்த மாதிரி. இந்தியாவிலும் இப்போது டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் கல் பொறுக்கிகள் கிடைக்கின்றன.

பார்த்தால் அறுவடை மெஷினின் சாயல் தெரியும். ஒரு வகை கதிர் அறுக்கும் மெஷின் மாதிரி. அதன் முன்னால் பெரிய சக்கரம் மாதிரி ஒன்று சுற்றிக் கதிரை உள்ளே தள்ளும் இல்லையா, அதையே கனத்த இரும்புப் பட்டைகளோடு செய்து, மண்மேல் கிடக்கும் கல்லை வாரிச் சல்லடைமேல் தள்ளுகிறார்கள். இன்னொரு வகை கிழங்கு தோண்டும் மெஷின் மாதிரி. மண்ணுக்குள் கொழு இறங்கி, மண்ணையும் கல்லையும் சேர்த்துத் தூக்கி, ஓடும் கம்பிச் சங்கிலிமேல் போடும். மண் இடுக்கு வழியே கீழே விழுந்துவிடும், கல் பின்னால் போகும். மேலே கிடக்கும் பெரிய கல்லுக்கு முதல் வகை, உள்ளே புதைந்த சின்னக் கல்லுக்கு இரண்டாவது. நம் புஞ்சைக்கு இரண்டாவதுதான் ஒத்துவரும்.

கிழங்கு தோண்டும் மெஷினை அப்படியே ஓட்டினால் என்ன?

ஓடும், கொஞ்ச நேரம். அது கிழங்கின் தோல் சீவிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த மெஷின். கிழங்கு ஒன்று கால் கிலோ இருக்கும். ஓர் அடி விட்டமுள்ள உருண்டைக் கருங்கல் சுமார் 39 கிலோ. இரண்டு அடி விட்டம் என்றால் எட்டு மடங்கு, அதாவது 300 கிலோவுக்கு மேல். அந்தக் கம்பிகள் இதற்குப் பிறந்தவை அல்ல.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். பிரிட்டனில் உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அறுவடையின்போது கல் பட்டுக் கிழங்கு நசுங்குகிறது என்பதால், விதைக்கு முன்பே பாத்தி மண்ணை மெஷினால் சலித்து, கல்லை எல்லாம் பக்கத்துச் சாலில் வரிசையாகக் கொட்டிவிடுவார்கள். டிராக்டர் டயர் அந்தச் சாலில்தான் ஓடும். ஒரு கல்லைக்கூட வெளியே கொண்டுபோவதில்லை. படித்தபோது, கல்லை எங்கே வைப்பது என்று நாங்கள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த நேரம். கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

கடலை பிடுங்கும் மெஷினை மாற்றலாம் என்கிறீர்களே, எதை எதை மாற்ற வேண்டும்?

இதுதான் நிஜமான கேள்வி.

முதலில் கொழு. கடலை மெஷினில் ஒரே நீளத் தகடாக இருக்கும், எங்களுடையது 4 அடி. தகட்டின் நடுவில் ஒரு பெரிய கல் மாட்டினால் முழு மெஷினும் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். அதனால் தகட்டை எடுத்துவிட்டு, விரல் விரலாக ஐந்து தனிக் கொழுக்கள் வைத்தோம். கலப்பைக் கொழு மாதிரி, ஆனால் தட்டையாக, முன்னால் சரிந்து. பெரிய கல் வந்தால் இரண்டு விரலுக்கு நடுவில் வழுக்கிப் போகும், இல்லையென்றால் ஒரு விரல் மட்டும் வளையும். ஒரு விரலை மாற்ற அரை மணி நேரம் போதும்.

அடுத்தது சங்கிலியின் சாய்வு. கடலைச் செடி கொடியோடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். அதற்காக அந்த மெஷினின் சங்கிலியில் முள் வைத்திருப்பார்கள், சாய்வும் நன்றாகச் செங்குத்தாக இருக்கும். கல் உருண்டை. ஏறும்போதே உருண்டு திரும்பி வந்துவிடும். முதல் நாள் தம்பி வீடியோ அனுப்பினான். ஒரே கல், தேங்காய் அளவு, ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. மூன்று நிமிடம் அதையே பார்த்தேன். அப்புறம் முள்ளை வெட்டி எடுத்துவிட்டு, ஐந்து கம்பிக்கு ஒரு கம்பிமேல் இரண்டு அங்குல உயரத்துக்குத் தடுப்புப் பட்டை வெல்டிங் வைத்தோம். சங்கிலியின் பின்பக்கத்தையும் இறக்கிச் சாய்வைக் குறைத்தோம். உயரம் குறைந்ததால் தொட்டியில் கொட்ட வழியில்லாமல் போனது. சரி, பின்னால் வரிசையாகத் தரையிலேயே விழட்டும் என்று விட்டுவிட்டோம். அந்த வரிசையை ஆள் வைத்து டிரெய்லரில் ஏற்றினோம். தொட்டியோடு விற்கும் மெஷினில் இந்த ஆள் வேலை மிச்சம், ஆனால் விலை வேறு உலகம்.

மூன்றாவது, கம்பி இடைவெளி. எங்களுடையதில் 40 மில்லிமீட்டர் வைத்தோம். அதைவிடச் சின்னதெல்லாம் மண்ணோடு திரும்பப் போய்விடும். பலர் 20 வைக்கச் சொன்னார்கள். என் தொழில் சலிக்கிறதுதான், நான் சொல்வதைக் கேளுங்கள்: இடைவெளியைப் பாதியாக்கினால் சல்லடை அடைபடுவது பல மடங்கு கூடும். சின்னக் கல்லை விட்டுவிடுவதற்கு வேறு காரணமும் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

நான்காவது, பேரிங். கடலை மண்ணில் ஓடிய பேரிங்குக்கும் கல் தூசியில் ஓடும் பேரிங்குக்கும் ஆயுளே வேறு. மூடி உள்ளதாக மாற்றுங்கள். தினமும் கிரீஸ்.

எத்தனை குதிரைத்திறன் டிராக்டர் வேண்டும்?

நாங்கள் 50 குதிரைத்திறனில் ஓட்டினோம். ஆழம்தான் தீர்மானிக்கும். ஒரு சின்னக் கணக்கு: 1.2 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் ஆழம், மணிக்கு 2 கிலோமீட்டர் வேகம் என்றால் மணிக்கு 240 கன மீட்டர் மண் அந்தச் சங்கிலிமேல் ஏறுகிறது. எடையில் 330 டன்னுக்கு மேல். விநாடிக்கு 90 கிலோ! ஆழத்தை 15 சென்டிமீட்டர் ஆக்கினால் விநாடிக்கு 140 கிலோ ஆகிவிடும். “ஒரேயடியா ஆழமா ஓட்டிடலாம்ணே” என்று டிரைவர் சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். முதல் தடவை 10, தேவைப்பட்டால் இரண்டாவது தடவை இன்னும் 5.

முன்னதாக ஒன்பது கொத்துக் கலப்பையால் ஒருமுறை உழுதுவிடுவது நல்லது. இறுகிய தரையில் நேராக இந்த மெஷினை இறக்கக் கூடாது.

ஓர் ஏக்கருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அதே 1.2 மீட்டர் அகலம், 2 கிலோமீட்டர் வேகத்தில், திரும்புவது, அடைப்பை எடுப்பது, டீ குடிப்பது எல்லாம் போக 60 சதவீத நேரம்தான் ஓடுகிறது என்று வைத்தால் சுமார் மூன்று மணி நேரம். எங்களுக்கு முதல் ஏக்கர் இரண்டு நாள் பிடித்தது. காரணம் அடுத்த கேள்வியில்.

போல்ட் அடிக்கடி உடைகிறது. கெட்டியான போல்ட் போட்டுவிடலாமா?

போடவே போடாதீர்கள்.

டிராக்டர் என்ஜினின் சுழற்சியைப் பின்னால் மாட்டிய மெஷினுக்குக் கொண்டுபோகும் தண்டுதான் பி.டி.ஓ. ஷாஃப்ட். அதற்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு ஷியர் போல்ட் இருக்கும். கல் மாட்டிச் சங்கிலி நின்றுவிட்டால், டிராக்டர் இன்னும் முறுக்கிக்கொண்டே இருக்கும். அந்த முறுக்கு எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். போல்ட் உடைந்தால் அதோடு போச்சு. உடைவதற்காகவே வைத்த போல்ட் அது.

முதல் ஏக்கரில் காலையிலிருந்து நான்கு போல்ட் போயிருந்தது. நான் இங்கே மதிய இடைவேளையில், லாரி நிழலில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே வாட்ஸ்அப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் நன்றாக ஓடுகிறது. பத்து நிமிடம் நிற்கவே இல்லை. “பரவாயில்லையேடா, இப்ப உடையலையே” என்றேன். “ஆமாண்ணே, கடையில கேட்டு எட்டு புள்ளி எட்டு போட்டுட்டேன்” என்றான் தம்பி. நான் “நிறுத்து” என்று கத்துவதற்கும் போனில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வருவதற்கும் சரியாக இருந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. அதற்குப் பிறகு சங்கிலி நின்றது, ஷாஃப்ட் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. கியர்பாக்ஸைப் பிரித்தபோது எண்ணெயில் மூன்று பல் கிடந்தது.

விஷயம் இதுதான். போல்ட் தலையில் 4.6 என்றிருந்தால் அதன் இழுவைத் தாங்கும் பலம் 400 மெகாபாஸ்கல். 8.8 என்றிருந்தால் 800. இரண்டு மடங்கு. அதே தடிமனில், அதே நீளத்தில், கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. எங்கள் மெஷினுக்கு 4.6 தான் கணக்கு. உங்கள் மெஷினுக்கு எது என்று அதைச் செய்தவரிடம் கேட்டு, அதே எண்ணில் ஒரு டப்பா நிறைய வாங்கி வையுங்கள். போல்ட் அடிக்கடி உடைகிறது என்றால் ஆழத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் பெரிய கல்லை முன்னாலேயே எடுக்க வேண்டும்.

எந்த மாதத்தில் ஓட்டுவது நல்லது?

மாதத்தைவிட ஈரம் முக்கியம். காய்ந்த மண்ணில் ஓட்டினால் மண்கட்டியும் கல்லும் ஒன்றாகச் சங்கிலியில் வரும். கல் என்று நினைத்து டிரெய்லர் டிரெய்லராக நல்ல மண்ணை வரப்புக்குக் கொண்டுபோய்க் கொட்டுவீர்கள். ஈரம் அதிகமானால் மண் கம்பியில் அப்பி, சங்கிலி முழுக்க ஒரே அடையாகிவிடும், சலிக்கவே சலிக்காது.

ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பிடியுங்கள். உருண்டையாக வர வேண்டும். இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உடைந்து உதிர வேண்டும். உருண்டையே வராவிட்டால் ஈரம் போதாது, விழுந்தும் அப்படியே கிடந்தால் ஈரம் அதிகம். எங்கள் செம்மண் கொல்லையில் கோடை மழை பெய்து நான்கைந்து நாள் கழித்து அந்தப் பதம் வந்தது. களிமண் கலந்த நிலத்தில் அந்தப் பதம் ஒன்றிரண்டு நாளுக்குமேல் நிற்காது, டிரைவரிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

என் நிலத்தில் எவ்வளவு கல் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஊரில் இருப்பவரிடம் சொல்லி, நிலத்தில் ஐந்தாறு இடத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தோண்டச் சொல்லுங்கள். மண்ணைச் சலித்து, நெல்லிக்காயைவிடப் பெரிய கல்லை மட்டும் சாக்கில் போட்டு நிறுக்கச் சொல்லுங்கள். எல்லா இடத்துக்கும் சராசரி பார்த்து, அந்தக் கிலோவை 4ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு எத்தனை டன் என்று வந்துவிடும். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர் என்பதால் இந்தக் குறுக்குக் கணக்கு.

எங்களுக்குச் சராசரி 14 கிலோ வந்தது. ஏக்கருக்கு 56 டன், 3 ஏக்கருக்கு 170 டன் பக்கம். 3 டன் டிரெய்லரில் ஐம்பத்தாறு ஐம்பத்தேழு நடை. இந்தக் கணக்கைப் போட்ட அன்று ராத்திரி, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

எல்லாக் கல்லையும் எடுத்துவிட வேண்டுமா?

வேண்டாம். இதில் நிறையப் பேர் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள், ஆனாலும் சொல்கிறேன்.

மண்மேல் பரவிக் கிடக்கும் சின்னச் சரளை, மூடாக்கு மாதிரி வேலை செய்கிறது. மழைத்துளி நேராக மண்ணில் அடிக்காமல் தடுக்கும், வெயிலில் ஈரம் சட்டென்று ஆவியாகாமல் பிடித்துவைக்கும். சரிவான புஞ்சையில் அதையும் வழித்தெடுத்துவிட்டால் அடுத்த மழையில் மேல்மண் போய்விடும். நமக்கு இடைஞ்சல் எது? மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரின் பிளேடை ஒடிப்பது, விதைக்கும் கருவியைத் தூக்கிவிடுவது, கடலைக் காய் இறங்கவிடாமல் தடுப்பது. கைமுட்டி அளவும் அதற்கு மேலும்தான் அந்த வேலையைச் செய்யும். அதனால்தான் 40 மில்லிமீட்டர் இடைவெளி.

எங்கள் கொல்லையில் வடமேற்கு மூலை நல்ல சரிவு. அங்கே மெஷினை இறக்கவே இல்லை. கைக்குத் தட்டுப்பட்ட பெரிய கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் புளியும் வேம்பும் வைத்தோம்.

கல்லை எடுக்காமல் அங்கேயே நொறுக்கிவிடும் மெஷின் இருக்கிறதாமே?

இருக்கிறது. வேகமாகச் சுற்றும் கனத்த உருளையில் கெட்டிப் பற்கள் வைத்து, கல்லை மண்ணிலேயே பொடியாக்கும். ஐரோப்பாவில் திராட்சைத் தோட்டங்களுக்கு ஓட்டுகிறார்கள். அதற்குப் பெரும்பாலும் 100 குதிரைத்திறன் பக்கமோ அதற்கு மேலோ டிராக்டர் வேண்டும். நம் ஊரில் வாடகைக்குக் கிடைக்கும் டிராக்டர் பெரும்பாலும் அதில் பாதி.

அதைவிடப் பெரிய விஷயம், உங்கள் கல் என்ன கல் என்பது. வெள்ளை வெங்கச்சங்கல்லோ கருங்கல்லோ என்றால் நொறுக்கினாலும் மணல்தான். ஆனால் கொங்குப் பக்கமும் கரூர்ப் பக்கமும் வருகிற சுக்கான் கல் அப்படி இல்லை. அது சுண்ணாம்பு. முழுக் கல்லாகக் கிடக்கும்வரை சும்மா கிடக்கும். பொடியாக்கினால் சுண்ணாம்பு மண்ணோடு கலந்து, பயிருக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் போய், இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு கல்லின்மேல் எலுமிச்சம்பழச் சாறோ, கழிவறை கழுவும் அமிலத்தில் ஒரு சொட்டோ விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. அதைப் பொறுக்கத்தான் வேண்டும், நொறுக்கக் கூடாது.

போன வருடம் எடுத்தோம், இந்த வருடம் மறுபடி கல். கல் முளைக்கிறதா?

குளிர் நாடுகளில் நிஜமாகவே முளைக்கிற மாதிரிதான். கல்லுக்கு அடியில் உள்ள ஈரம் பனிக்காலத்தில் உறைகிறது. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருகும். கல்லை மேலே தூக்கும். உருகும்போது காலியான இடத்தில் மண் சரிந்து நிரம்பிவிடும், கல் திரும்ப இறங்க முடியாது. ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்துவிடும். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் அப்படி வந்த கல்லை எடுத்து எடுத்து வயலைச் சுற்றிச் சுவர் வைத்தே தலைமுறைகள் போயிருக்கின்றன.

கீரனூரில் பனியும் இல்லை, உறைவதும் இல்லை. நமக்குக் காரணம் இரண்டு. மழை நைசான மண்ணை அடித்துக்கொண்டு போய், உள்ளே இருந்த கல்லை வெளியே காட்டுகிறது. அப்புறம் நாமே ஆழமாக உழுது கீழிருந்து கிளப்பிவிடுகிறோம். கல் எடுத்த நிலத்தில் அடுத்த இரண்டு வருடம் ஆழ உழவு வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். கேட்கிறானா என்பது வேறு.

எடுத்த கல்லை விற்கலாமா?

அவசரப்படாதீர்கள். உங்கள் பட்டா நிலத்துக் கல்தான் என்றாலும், அதை வெளியே ஏற்றிக்கொண்டு போய் விற்பது சிறுகனிமக் கணக்கில் வரும். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959இலிருந்து இருக்கின்றன. அனுமதிச் சீட்டு இல்லாமல் லாரி ரோட்டுக்கு வந்தால் வண்டியையே பிடித்துவிடுவார்கள். கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, கனிமவளத் துறையில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நாங்கள் விற்கவில்லை. சரிவுக்குக் குறுக்கே கல் வரப்பு மூன்று போட்டோம். ஓடும் தண்ணீர் கல் இடுக்கில் வடிந்து போகும், மண் இந்தப் பக்கம் நிற்கும். முதல் மழையிலேயே வரப்பின் மேல்பக்கம் நான்கு விரல் கட்டை வண்டல் படிந்திருந்தது. மீதிக் கல் கிணற்றுப் பாதைக்குப் போனது.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நான் சிங்கப்பூருக்கு வந்த புதிதில், 2007இல், இந்தோனேசியா மணல் ஏற்றுமதியை நிறுத்தியது. கட்டட வேலைக்கு மணலுக்கும் கல்லுக்கும் இங்கே எல்லாரும் பறந்தார்கள். ஜல்லியைக் கப்பலில் இறக்குகிற ஊரில் பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு, ராத்திரி போனில் “170 டன் கல்லை எங்கடா போடுறது” என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜேசிபி வைத்து வாரிவிட்டால் முடிந்ததே?

பெரிய பாறைக்கு ஜேசிபிதான். இரண்டு அடிக் கல்லை இந்த மெஷினிடம் கொடுக்கவே கூடாது. ஆனால் சின்னக் கல்லுக்கு ஜேசிபி விட்டால் மேல்மண்ணும் சேர்ந்து போகும். அந்த அரையடி மண்தான் நிலம்.

பாதுகாப்பு?

பி.டி.ஓ. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று. விநாடிக்கு 9. தோள் துண்டின் நுனி அதில் பட்டால் கையை எடுக்கலாம் என்று நினைப்பதற்குள் இரண்டு மீட்டர் துணி சுற்றியிருக்கும். ஷாஃப்டின் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் புது உறை மாட்டாமல் ஓட்டாதீர்கள். அடைப்பை எடுக்க வேண்டுமா, பி.டி.ஓ.வை மட்டும் அல்ல, டிராக்டரையே நிறுத்திச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். இங்கே வேலையிடத்தில் மெஷினில் கை வைப்பதற்கு முன் மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அவரவர் இடுப்பில் வைத்துக்கொள்வோம் அல்லவா, அதே பழக்கம் ஊருக்கும் வேண்டும். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளைப் பின்பக்கம் நிற்க விடாதீர்கள், கல் தெறிக்கும்.

கல் அதிகம் என்பதாலேயே ஊரில் நிலம் ஒன்று மலிவாக வருகிறது. என் பெயரில் வாங்கலாமா?

மெஷின் கேள்வி இல்லைதான், ஆனாலும் வாரம் ஒருவர் கேட்கிறார். வெளிநாடுவாழ் இந்தியரும், வேறு நாட்டுக் குடியுரிமை பெற்று ஓசிஐ அட்டை வைத்திருக்கும் இந்திய வம்சாவளியினரும் இந்தியாவில் வீடு வாங்கலாம், விவசாய நிலம் வாங்க முடியாது. அப்பா வழியில் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். பத்திரம் போடுவதற்கு முன் வக்கீலைப் பாருங்கள்.

மெஷினை இங்கிருந்தே வாங்கி அனுப்பலாமா?

சிங்கப்பூரில் விவசாய நிலம் என்பதே மொத்த நிலத்தில் ஒரு சதவீதம் அளவுதான். லிம் சூ காங் பக்கம் இருக்கும் பண்ணைகளிலும் நிறையப் பேர் அடுக்குத் தட்டுகளிலும் பந்தலுக்குள்ளும் வளர்க்கிறார்கள். கல் பொறுக்கிக்கு இங்கே சந்தை இல்லை. ஊரிலேயே பாருங்கள். இங்கிருந்து அனுப்ப உருப்படியான பொருள் நல்ல பேரிங்கும் ஒரு முறுக்கு ஸ்பேனரும்தான்.

சிங்கப்பூரில் சமூகத் தோட்டத்தில் எங்கள் மண்ணில் கல் அதிகம். அதற்கு வழி?

எங்கள் புளோக்குக்குக் கீழேயும் ஒரு தோட்டம் உண்டு, ஜூரோங் வெஸ்டில். அங்கே கிடைத்தது இயற்கைக் கல் இல்லை. ஓட்டுத் துண்டு, கான்கிரீட் சில், ஒரு தடவை அரை செங்கல். கட்டடம் கட்டியபோது நிரப்பிய மண். தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்குத் தரும் பாத்திகள் என்றால் உயர்த்திக் கட்டிய தொட்டி, நீளம் 2.5 மீட்டர், அகலம் 1 மீட்டர், அதில் இந்தத் தொல்லை இல்லை. தரையிலேயே போடுகிறவர்களுக்குத்தான்.

மெஷினின் வேலையையே கையால் செய்யுங்கள். யாரோ வீசியெறிந்த குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கம்பித் தட்டு ஒன்றை எடுத்துக் கழுவினேன். தள்ளுவண்டிமேல் சாய்த்து வைத்தேன். மண்வெட்டியால் மண்ணை அதன்மேல் வீசினால் மண் வண்டியில், கல் இந்தப் பக்கம். தட்டைப் படுக்கையாக வைக்காதீர்கள், சரித்து வையுங்கள். படுக்கையாக வைத்தால் கல் மேலேயே நின்று இடுக்கை அடைக்கும். தோட்டத்தில் என்னோடு வேலை செய்யும் சீன ஆன்ட்டிக்கு எழுபது வயதிருக்கும். முதல் நாள் பார்த்துச் சிரித்தார். மறுநாள் அவர் வீட்டு அடுப்பின் கம்பித் தட்டோடு வந்துவிட்டார்.

முள்ளங்கி போடும் பாத்தியை மட்டும் ஓர் அடி ஆழத்துக்குச் சலியுங்கள். வேர் கல்லில் முட்டினால் இரண்டு காலாகப் பிரிந்துவிடும். கீரைக்கு அவ்வளவு தேவையில்லை.

உங்கள் மெஷினை வாடகைக்குத் தருவீர்களா?

தம்பியிடம் கேளுங்கள். அக்கம்பக்கத்துக்கு மணிக் கணக்கில் விடுகிறான். டிரைவர் எங்கள் ஆள்தான் வருவார், போல்ட் டப்பாவும் அவர் கையில்தான் இருக்கும்.